மீட்டர் ஒண்ணு தான், ஆனா ஒவ்வொரு சயின்ஸுக்கும் ஒரு வட்டார வழக்கு இருக்கு: யூனிட்டை சரியா படிக்கிறது எப்படி

லேப்ல சேர்ந்த புதுசு. கையில இருந்த மெத்தட்ல "3,000 ஜி, 10 நிமிஷம்"னு இருந்துச்சு, நானும் சென்ட்ரிஃப்யூஜ்ல (ட்யூபை வேகமா சுத்தி, கலந்திருக்கிறதை அடியில படிய வைக்கிற மெஷின்) 3,000-னு அடிச்சு ஓட்டிட்டு வந்து பார்த்தா ட்யூப் அடியில ஒண்ணுமே படியல, கலங்கின தண்ணியா அப்படியே நிக்குது. மறுபடி ஓட்டினேன், அதே கதை. சாம்பிள் தான் கெட்டுப்போச்சு போலன்னு தூக்கி கொட்டிட்டு ரெண்டு நாள் வேலையை முதல்லேர்ந்து செஞ்சேன், அப்பவும் படியல, அப்புறம் தான் சீனியர் அக்கா ஒருத்தங்க வந்து டிஸ்ப்ளேவை எட்டிப்பார்த்துட்டு "ஏம்மா, இது ஆர்பிஎம்மா ஜியா?"னு கேட்டாங்க. சப்புனு ஆயிடுச்சு.

ஆர்பிஎம்ங்கிறது ரோட்டர், அதாவது ட்யூப் மாட்டி சுத்துற பாகம், நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கிறது. ஜிங்கிறது சாம்பிள் மேல விழற இழுப்பு, பூமி இழுக்கிறதைப் போல எத்தனை மடங்குங்கிறது. ரெண்டுக்கும் நடுவுல ரோட்டரோட ரேடியஸ் உக்காந்திருக்கு. கணக்கு இது தான்: ஜி = 1.118 × 10⁻⁵ × ரேடியஸ் (சென்டிமீட்டர்ல) × ஆர்பிஎம் × ஆர்பிஎம். 8 செ.மீ ரோட்டர்ல 3,000 ஆர்பிஎம் வச்சா வெறும் 805 ஜி தான் கிடைக்கும், எனக்கு வேணும்னது 3,000 ஜி, அதுக்கு கிட்டத்தட்ட 5,800 ஆர்பிஎம் ஓட்டியிருக்கணும். ஆர்பிஎம் மட்டும் எழுதி ரோட்டர் பேரை விட்டுட்ட மெத்தட் எங்கயாச்சும் பார்த்தீங்கன்னா அதை நம்பி இறங்காதீங்க, எழுதினவர் லேப்ல இருக்கிற மெஷினுக்கு மட்டும் தான் அது சரி.

அன்னிக்கு புரிஞ்சது என்னன்னா, மெட்ரிக்னு ஒண்ணை ஸ்கூல்ல படிச்சுட்டோம், எல்லா சயின்ஸுக்கும் அது பொது, அவ்ளோ தான்னு நினைச்சுக்கிறோம், ஆனா ஒவ்வொரு துறையும் அதே மெட்ரிக்கை தன் வசதிக்கு வளைச்சு தனக்குன்னு ஒரு பேச்சு வழக்கு வச்சிருக்கு. ஒரு துறை ஆளு இன்னொரு துறை ஆராய்ச்சிப் பேப்பரை எடுத்தா நம்பர் புரியும், அர்த்தம் புரியாது. அதை எப்படி புரிஞ்சுக்கிறதுன்னு நான் பழகின விதத்தை சொல்றேன்.

எந்த நம்பரைப் பார்த்தாலும் மூணு கேள்வி கேளுங்க. என்னத்தை அளந்திருக்காங்க? முன்னாடி ஒட்டியிருக்கிற ப்ரிஃபிக்ஸ் என்ன? எதுக்கு இவ்ளோ, அதாவது வகுத்தல் கோட்டுக்கு கீழே என்ன இருக்கு? இதுல மூணாவது தான் நிறைய பேரை கவுக்கும், ஏன்னா கீழே இருக்கிறதை கண்ணு தாண்டி போயிடும்.

முதல்ல ப்ரிஃபிக்ஸ்

கிலோ ஆயிரம், தெரியும். மெகா 10 லட்சம், கிகா 100 கோடி, டெரா 1 லட்சம் கோடி. மில்லியன் பில்லியன்னு மனசுல மாத்தி மாத்தி போடுறதை விட நேரா இப்படி வச்சுக்கிட்டா எனக்கு தப்பே வரல. கீழ்ப்பக்கம் மில்லி ஆயிரத்துல ஒண்ணு, மைக்ரோ 10 லட்சத்துல ஒண்ணு, நானோ 100 கோடியில ஒண்ணு, பிக்கோ லட்சம் கோடியில ஒண்ணு. 2022-ல ரோன்னா, குவெட்டா, ரோன்டோ, குவெக்டோன்னு நாலு புதுசா சேர்த்தாங்க, குவெட்டான்னா 10³⁰, ஆனா நடைமுறையில அது உங்க கண்ணுல படுறது சந்தேகம் தான்.

ப்ரிஃபிக்ஸ்ல முக்கியமான வம்பு எழுத்து. சின்ன எம் போட்டா மில்லி, பெரிய எம் போட்டா மெகா, நடுவுல 100 கோடி மடங்கு வித்தியாசம். எக்ஸெல்லோ வேற ஏதோ தானா எழுத்தை பெருசாக்கிட்டா முடிஞ்சுது கதை. மைக்ரோவுக்கு போடுற கிரேக்க எழுத்து மியூ இருக்கே, அது சில ஃபான்ட்ல காணாமப் போய் சின்ன எம்மாவோ யூவாவோ மாறிடும். பேப்பரை காப்பி பண்ணி ஒட்டினதும் மியூ இருந்த இடத்தையெல்லாம் ஒரு தடவை கண்ணால பாருங்க.

அடுத்த வம்பு ஸ்கொயரும் க்யூபும். 1 மீட்டர் 100 சென்டிமீட்டர்னா 1 சதுர மீட்டர் 10,000 சதுர சென்டிமீட்டர், 1 கன மீட்டர் 10 லட்சம் கன சென்டிமீட்டர். ப்ரிஃபிக்ஸும் சேர்ந்து தான் அடுக்கு ஏறும். இது தெரியாதவங்க யாரும் இல்ல, ஆனா அவசரத்துல 100-ஆல பெருக்கிட்டு போறவங்க நிறைய, நானும் உட்பட.

கெமிஸ்ட்ரி: எடையை எண்ணிக்கையா மாத்துற துறை

கெமிஸ்ட்ரிகாரங்களுக்கு கிராம் தராசுக்கு மட்டும் தான், யோசிக்கிறதெல்லாம் மோல்ல. ரியாக்‌ஷன்ல மூலக்கூறு எத்தனைங்கிறது தான் விஷயம், அதோட எடை இல்ல. 1 மோல்னா 6.02214076 × 10²³ துகள், 2019 மே 20-லேர்ந்து இந்த நம்பரை இப்படியே நிர்ணயம் பண்ணி வச்சுட்டாங்க. அன்னிக்கு தான் கிலோகிராமும் பாரிஸ் பக்கத்துல பூட்டி வச்சிருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளையை விட்டுட்டு பிளாங்க் மாறிலிங்கிற மாறாத இயற்கை எண்ணுக்கு மாறுச்சு.

1 மோலார், அதாவது லிட்டருக்கு 1 மோல், உப்பு கரைசல் வேணும்னா 58.44 கிராம் சோடியம் குளோரைடு எடுத்து 1 லிட்டர் தண்ணி ஊத்துறது இல்ல. கொஞ்ச தண்ணியில கரைச்சுட்டு அப்புறம் மொத்தமா 1 லிட்டர் கோடு வரைக்கும் மேக்கப் பண்ணணும். மோலார்ல கீழே இருக்கிறது கரைசலோட லிட்டர், தண்ணியோட லிட்டர் இல்ல, நான் சொன்ன மூணாவது கேள்வி இங்க வருது பாருங்க. மோலால்னு இன்னொண்ணு இருக்கு, அதுல கீழே இருக்கிறது கரைப்பானோட கிலோகிராம். ஒரு எழுத்து தான் மாறுது, அர்த்தமே மாறிடும்.

கேஸ் கணக்குல ஆர் மாறிலி 8.314-ஆ 0.08206-ஆன்னு குழம்புறவங்களுக்கு: பிரஷர் அட்மாஸ்ஃபியர்ல, வால்யூம் லிட்டர்ல இருந்தா 0.08206. பாஸ்கலும் கன மீட்டரும் இருந்தா 8.314. கிலோபாஸ்கலும் லிட்டரும் இருந்தாலும் 8.314 தான், ஏன்னா மேல ஆயிரம் ஏறுது, இங்க ஆயிரம் இறங்குது, ரெண்டும் அடிபட்டு போயிடும். டெம்பரேச்சர் எப்பவும் கெல்வின்ல தான் போடணும். 10 டிகிரி செல்சியஸ்லேர்ந்து 20-க்கு போனா சூடு ரெண்டு மடங்கு ஆகல, 283 கெல்வின்லேர்ந்து 293-க்கு போயிருக்கு, மூணரை சதவீதம் தான் கூடியிருக்கு.

பயாலஜியில இதே மோல் டால்டன்ங்கிற மூலக்கூறு எடை யூனிட்டா வேஷம் போட்டு வரும். 50 கிலோடால்டன் புரோட்டீன்னா ஒரு மோல் 50,000 கிராம்னு எடுத்துக்கோங்க, அப்ப 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம்னா 20 மைக்ரோமோலார். இந்த ஒரு கணக்கை மனசுல வச்சுக்கிட்டா மத்த புரோட்டீனுக்கு அப்படியே விகிதம் போட்டு போயிடலாம், 25 கிலோடால்டன்னா 40, 100-ன்னா 10.

கண்ணுக்கு ஒரு ஏணி வச்சுக்கோங்க

மைக்ரோஸ்கோப் படம் பார்க்கிறவங்க "1,000 மடங்கு பெருசாக்கினது"ங்கிற வரியை நம்பாதீங்க, உங்க ஸ்கிரீன்ல படம் எந்த சைஸ்ல தெரியுதோ அதுக்கு ஏத்த மாதிரி அந்த 1,000 பொய்யாயிடும். ஓரத்துல இருக்கிற ஸ்கேல் பார் தான் உண்மை, படத்தை இழுத்தா அதுவும் கூடவே இழுபடும். அதை வச்சு அளந்துட்டு, வந்த நம்பர் நியாயமா இருக்கான்னு பார்க்க ஒரு ஏணி வேணும். என்னோடது இது: தலைமுடி தடிமன் கிட்டத்தட்ட 70-100 மைக்ரோமீட்டர், சிவப்பணு 7-8, பாக்டீரியா 1-2, கொரோனா வைரஸ் 0.1 அதாவது 100 நானோமீட்டர், டிஎன்ஏ அகலம் 2 நானோமீட்டர், அணு 0.1 நானோமீட்டர் சுமார். பாக்டீரியான்னு ஒருத்தர் 40 மைக்ரோமீட்டர் உருண்டையை காட்டினா ஒண்ணு அது பாக்டீரியா இல்ல, இல்லாட்டி கேலிப்ரேஷன் (மைக்ரோஸ்கோப்போட அளவை சரி பார்த்து வைக்கிறது) தப்பு. (பெரிய பாக்டீரியாவும் உலகத்துல உண்டு, ஆனா முதல்ல கேலிப்ரேஷனை சந்தேகப்படுங்க.) அணு அளவுல வேலை பார்க்கிறவங்க ஆங்ஸ்ட்ராம்னு சொன்னா அது 0.1 நானோமீட்டர், பழக்க தோஷத்துல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர் பார்க்கிறவங்களுக்கு அது ரொம்ப வசதியும் கூட.

மெடிக்கல் ரிப்போர்ட்: இங்க மட்டும் நிதானம்

ரத்த சர்க்கரையை சில நாட்டுல மில்லிகிராம் பெர் டெசிலிட்டர்ல போடுறாங்க, சில நாட்டுல மில்லிமோல் பெர் லிட்டர்ல. ஒருத்தர் 126-ங்கிறார், இன்னொருத்தர் 7-ங்கிறார், ரெண்டும் ஒண்ணு தான். சுகருக்கு 18-ஆல வகுத்தா மாறிடும்னு நெட்ல எல்லாரும் சொல்வாங்க, ஏன் 18-ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. குளுக்கோஸ் ஒரு மோல் 180 கிராம், டெசிலிட்டர்லேர்ந்து லிட்டருக்கு போக 10-ஆல பெருக்கணும், அப்ப பெருக்கல் 10, வகுத்தல் 180, மொத்தத்துல வகுத்தல் 18. காரணம் தெரிஞ்சா கொலஸ்ட்ராலுக்கும் அதே 18-ஐ போட மாட்டீங்க. கொலஸ்ட்ரால் ஒரு மோல் சுமார் 387 கிராம், அதனால அங்க 38.7-ஆல வகுக்கணும், 200-ங்கிறது சுமார் 5.2 ஆகும். ஒவ்வொரு பொருளுக்கும் வகுக்கிற எண் வேற.

மருந்து அளவு எழுதுறப்ப மைக்ரோகிராமுக்கு மியூ போடாதீங்கன்னு மருத்துவப் பாதுகாப்பு பார்க்கிறவங்க சொல்றதுக்கு காரணம், கையெழுத்துல மியூ எம் மாதிரி தெரிஞ்சா ஆயிரம் மடங்கு மருந்து போயிடும். அதனால எம்சிஜின்னு எழுதுவாங்க, இல்லாட்டி முழுசா மைக்ரோகிராம்னே எழுதுவாங்க. அதே மாதிரி 5-ஐ 5.0-ன்னு எழுதக்கூடாது, புள்ளி மங்கினா 50 ஆயிடும், 0.5-ஐ வெறும் .5-ன்னு எழுதக்கூடாது, 5 ஆயிடும். வேடிக்கை என்னன்னா லேப் அளவுல 5.0-ங்கிறது "கடைசி இலக்கம் வரைக்கும் அளந்தேன்"ங்கிறதுக்கு அடையாளம், அங்க அந்த ஜீரோவை விட்டா தான் தப்பு. ஒரே ஜீரோ, ரெண்டு துறையில நேரெதிர் சட்டம்.

ஐயூன்னு (இன்டர்நேஷனல் யூனிட்) போட்டிருந்தா அது எடையே இல்ல, உடம்புல அது எவ்ளோ வேலை செய்யுதுங்கிற அளவு. விட்டமின் டியில 40 ஐயூ 1 மைக்ரோகிராம், அந்த 40-ஐ வேற எந்த விட்டமினுக்கும் கொண்டு போகக்கூடாது. ரேடியேஷன் பக்கம் போனா பெக்கரல் ஒரு செகண்டுக்கு எத்தனை சிதைவு, கிரே ஒரு கிலோ உடம்பு எவ்ளோ எனர்ஜி வாங்குச்சு, சீவர்ட் அது உடம்பை எவ்ளோ பாதிக்கும். மூணும் மூணு கேள்விக்கு பதில், ஒண்ணை ஒண்ணா மாத்த ஒரு பெருக்கல் மட்டும் போதாது. என்ன சோர்ஸ், எந்த உறுப்பு, எவ்ளோ தூரம்னு எல்லாம் தெரியணும். மருந்தோ ரிப்போர்ட்டோ கணக்கு போட்டு புரிஞ்சுக்கலாம், முடிவெடுக்க டாக்டர் தான்.

வானமும் பூமியும்

அஸ்ட்ரானமிகாரங்க மீட்டரை கண்டாலே ஓடுவாங்க, நியாயம் தான். சூரியன்-பூமி தூரம் ஒரு அஸ்ட்ரானமிக்கல் யூனிட், 14.96 கோடி கிலோமீட்டர், 2012-ல இதை மீட்டர்லயே கச்சிதமா நிர்ணயம் பண்ணாங்க. ஒளியாண்டு சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஆனா பேப்பர்ல அவங்க எழுதுறது பார்செக், 3.26 ஒளியாண்டு. ஏன் இந்த விநோதம்னா, பூமி சூரியனை சுத்துறப்ப நட்சத்திரம் எவ்ளோ நகர்ந்த மாதிரி தெரியுதுங்கிற கோணத்தை தான் அளக்கிறாங்க, அந்த கோணத்துல பாதியை ஆர்க்செகண்டுல (ஒரு டிகிரியில 3,600-ல ஒரு பங்கு) வச்சு 1-ஐ அதால வகுத்தா தூரம் நேரா பார்செக்ல வந்து நிக்கும். அளக்கிற விதம் தான் யூனிட்டை பெத்திருக்கு, மத்த துறைகள்லயும் விநோதமா ஒரு யூனிட்டைப் பார்த்தா முதல்ல "இதை எப்படி அளக்கிறாங்க"ன்னு கேளுங்க, பாதி புரிஞ்சுடும். அதோட அவங்கள்ல நிறைய பேர் இன்னும் சென்டிமீட்டர்-கிராம்-செகண்ட் சிஸ்டத்துல எனர்ஜிக்கு எர்க், காந்தப்புலத்துக்கு காஸ்னு எழுதுவாங்க. 1 ஜூல் 1 கோடி எர்க், 1 டெஸ்லா 10,000 காஸ்.

பார்ட்டிகிள் ஃபிசிக்ஸ்ல எடையையே எலக்ட்ரான்வோல்ட்ங்கிற எனர்ஜி யூனிட்ல சொல்வாங்க, புரோட்டான் 938 மெகா எலக்ட்ரான்வோல்ட்னு. ஒளி சம்பந்தமா வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு குறுக்குவழி: 1,240-ஐ அலைநீளத்தால (நானோமீட்டர்ல) வகுத்தா அந்த ஒளித்துகளோட எனர்ஜி எலக்ட்ரான்வோல்ட்ல வரும். 500 நானோமீட்டர் பச்சை ஒளி 2.48.

ஜியாலஜியில எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர்ங்கிறதும் 10 லட்சம் வருஷத்துக்கு 1 கிலோமீட்டர்ங்கிறதும் ஒண்ணே தான், மேலயும் கீழயும் அதே 10 லட்சம். அதனால வருஷத்துக்கு 5 செ.மீ நகர்ற நிலத்தட்டு 10 லட்சம் வருஷத்துல 50 கிலோமீட்டர் போயிருக்கும்னு பேப்பர் பேனா இல்லாம சொல்லிடலாம்.

மழையை மில்லிமீட்டர்ல சொல்றது ஏன்னு கேட்பாங்க, தண்ணியை ஏன் நீளத்துல அளக்கணும்னு. 1 சதுர மீட்டர்ல 1 மி.மீ தண்ணி நின்னா அது சரியா 1 லிட்டர், பரப்பால வகுத்த பிறகு மிஞ்சுறது உயரம் தான். 1 ஹெக்டேர் நிலத்துல 25 மி.மீ மழைன்னா இரண்டரை லட்சம் லிட்டர். காத்தழுத்தம் சொல்ற ஹெக்டோபாஸ்கலும் மில்லிபாரும் ஒண்ணு தான், பேர் மட்டும் மாறியிருக்கு. கடல் ஆராய்ச்சியில நீரோட்டத்துக்கு ஸ்வெர்ட்ரப்னு வந்தா செகண்டுக்கு 10 லட்சம் கன மீட்டர்.

க்ளைமேட் ரிப்போர்ட் படிக்கிறவங்க இதை மட்டும் விட்டுடாதீங்க: எமிஷனை சிலர் கார்பன் டன்ல எழுதுவாங்க, சிலர் கார்பன் டை ஆக்ஸைடு டன்ல. கார்பன் 12, கார்பன் டை ஆக்ஸைடு 44, அதனால 1 டன் கார்பன் 3.67 டன் கார்பன் டை ஆக்ஸைடு. ரெண்டு ரிப்போர்ட்டை பக்கத்துல பக்கத்துல வச்சு "இவங்க பொய் சொல்றாங்க"ன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி நம்பர்களுக்கு நடுவுல 3.67 ஒளிஞ்சிருக்கான்னு வகுத்துப் பாருங்க. இன்னொண்ணு, "2 டிகிரி கூடும்"ங்கிறது வித்தியாசம். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாத்துனா 3.6 டிகிரி தான். 32-ஐயும் சேர்த்து 35.6-ன்னு போடுற தப்பு அச்சுலயே வந்திருக்கிறதை நான் பார்த்திருக்கேன்.

மாத்துறப்ப கை எப்படி போகணும்

மனசுல பெருக்காதீங்க, எழுதுங்க, யூனிட்டையும் நம்பர் மாதிரியே எழுதுங்க. மேல கிலோகிராம், கீழே கிலோகிராம் வந்தா அடிச்சுடுங்க. கடைசியில மிச்சம் நிக்கிற யூனிட் நீங்க கேட்டதா இல்லைன்னா நம்பர் எவ்ளோ அழகா வந்திருந்தாலும் தப்பு. 1983-ல ஒரு ஏர் கனடா போயிங் 767-ல இந்த ஒரு வேலையை ஒழுங்கா செய்யாம தான் 22,300 கிலோ எரிபொருள் வேண்டிய இடத்துல 22,300 பவுண்டு போட்டு அனுப்பினாங்க. 1 லிட்டர் எரிபொருள் 1.77 பவுண்டு, கிலோவுல 0.8 தான், அவங்க 1.77-ஐயே கிலோன்னு எடுத்துக்கிட்டாங்க. பாதி வழியில ரெண்டு இன்ஜினும் நின்னுபோய், கனடாவுல கிம்லிங்கிற இடத்துல பழைய ஓடுபாதையில சறுக்கிக்கிட்டே இறக்கினாங்க, நல்லவேளை யாரும் சாகல. 1.77-க்கு பக்கத்துல "பவுண்டு பெர் லிட்டர்"னு எழுதியிருந்தா கிலோவோட அடிபடாம பல்லிளிச்சிருக்கும். 1999-ல நாசாவோட மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் தொலைஞ்சதும் இந்த ரகம் தான். ஒரு சாஃப்ட்வேர் பவுண்டு-செகண்டுல கொடுத்ததை இன்னொண்ணு நியூட்டன்-செகண்டுன்னு வாங்கிக்கிச்சு, 4.45 மடங்கு வித்தியாசம். ஃபைல்ல நம்பர் போட்ட ஒரு நெடுவரிசை (column) இருந்தா தலைப்புலயே யூனிட் இருக்கணும்னு நான் அடம் பிடிக்கிறது இதனால தான்.

மாத்தின பிறகு இலக்கத்தை வெட்டுங்க. கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டும், அது உங்க அளவு இல்ல, மெஷினோட ஆசை. உடம்பு சூடு 98.6 ஃபாரன்ஹீட்னு உலகமே சொல்லுதே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னா 19-ம் நூற்றாண்டுல வுண்டர்லிஷ்ங்கிற ஜெர்மன் டாக்டர் 37 செல்சியஸ்னு சொன்னதை மாத்தினப்ப வந்த புள்ளி ஆறு. 37-ங்கிறது முழு எண்ணா சொன்ன ஒரு சராசரி, மாத்தினதும் என்னமோ பத்துல ஒரு பங்கு வரைக்கும் துல்லியமா அளந்த மாதிரி ஆயிடுச்சு. "சுமார் 100 மீட்டர்"னு ஒருத்தர் எழுதினதை 328.084 அடின்னு மாத்துறதும் இதே கூத்து தான், 330 அடி போதும்.

கம்ப்யூட்டர் பக்கம் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். 1 டெராபைட் டிஸ்க் மாட்டினா 931-ன்னு காட்டுதேன்னு ஏமாந்துட்டதா நினைக்காதீங்க, டிஸ்க் செஞ்சவங்க 1,000-த்தால எண்ணினாங்க, சில ஆபரேட்டிங் சிஸ்டம் 1,024-ஆல எண்ணுது. அந்த 1,024 கணக்குக்குன்னே கிபி, மெபி, கிபின்னு 1998-லயே தனி பேர் வச்சாங்க, தமிழ்ல எழுதினா முதலும் கடைசியும் ஒரே மாதிரி வந்து நிக்குது பாருங்க, அதனால நான் எழுதுறப்ப "1,024 கணக்குல"ன்னு முழுசாவே எழுதிடுவேன். நெட் ஸ்பீடு 100 மெகாபிட்னா டவுன்லோட்ல 12.5 மெகாபைட் தான் வரும், 8 பிட் சேர்ந்தது 1 பைட், இங்கயும் சின்ன பி பிட், பெரிய பி பைட்.